எமரால்டில் ஐந்து நாள்: அறுபதைக் கடந்தவர்களுக்கு ஒரு மலைநடை

ஓய்வு பெற்றவர்கள் மலைக்குப் போனால் பயணத்தின் பெரும்பகுதி வேன் இருக்கையிலேயே கழிகிறது. காலையில் தொட்டபெட்டா, பிறகு தாவரவியல் பூங்கா, மதியம் படகு இல்லம், மறுநாள் பைக்காரா என்று ஊட்டிச் சுற்றுலா ஓடும். மலைக்கு வந்தவர்கள் மலையில் நடக்கும் நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் ஒரு மணி தேறாது. அதுவும் கூட்டத்திலும் படிக்கட்டிலும் போய்விடும். இத்தனைக்கும் அவர்களில் பலர் சொந்த ஊரில் விடிகாலை எழுந்து கடற்கரையிலோ பூங்காவிலோ முக்கால் மணி நேரம் தவறாமல் நடப்பவர்கள். அந்தக் கால்களுக்கு ஏற்ற விடுமுறை வேறு வகையானது: ஒரே ஊரில் தங்கி, முற்பகலில் மட்டும் நடந்து, பிற்பகலை ஓய்வுக்கு விடுவது. அதற்கு நீலகிரியில் நன்றாகப் பொருந்தும் ஊர் எமரால்டு.

ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா வழியாகத் தென்மேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் எமரால்டு. கடல்மட்டத்திலிருந்து உயரம் ஏறக்குறைய 2000 மீட்டர். ஊட்டியைவிட இருநூறு மீட்டருக்கு மேல் தாழ்வு. 1950களின் நடுவில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு தொடங்கிய குந்தா நீர்மின் திட்டம்தான் இந்த ஊருக்கு இன்றைய உருவத்தைத் தந்தது. எமரால்டு, அவலாஞ்சி என்ற இரண்டு அணைகளின் நீரும் சேர்ந்து பள்ளத்தாக்குகளின் மடிப்பெல்லாம் புகுந்து நிற்கிறது. கரைக்கு மேலே தேயிலை. அதற்கு ஊடாகக் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு விளையும் படிவயல்கள். மேடுகளில் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்கள். குந்தா மலைப் பகுதியில் அரசு நிறுவனமான டான்டீயின் தேயிலைத் தோட்டங்களும் இருக்கின்றன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் தொடங்கப்பட்டவை அவை.

மூத்தவர்கள் நடப்பதற்கு இந்த ஊர் தோதாக இருப்பதன் காரணம் அழகு மட்டும் அல்ல, சாலை. அணை கட்டும்போது லாரிகள் ஏற வேண்டியிருந்தது. பறித்த கொழுந்து வாடுவதற்குள் தொழிற்சாலைக்குப் போக வேண்டியிருப்பதால் தோட்டத்துக்குள்ளும் வண்டிப் பாதை வேண்டும். சுமை வண்டி ஏறும் பாதை எவ்வளவு வளைந்தாலும் ஒரு அளவுக்கு மேல் செங்குத்தாக இருக்க முடியாது. மலைச்சரிவின் மட்டத்தை ஒட்டி நெளிந்து போகும் இந்தப் பாதைகளில் இரண்டு பேர் பேசிக்கொண்டே அருகருகே நடக்கலாம். வேர், பாறை, வழுக்குப்புல் எதையும் தாண்ட வேண்டியதில்லை. நடுவில் முடியவில்லை என்றால் வண்டி அங்கேயே வந்து ஏற்றிக்கொள்ளும். வயதானவர்களுக்கான மலைப்பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நடுவழியில் வண்டி வருமா?

உயரத்தைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று வரும் மலைநோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேலேதான் கவலைக்குரியதாகிறது. எமரால்டு அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறது. ஆனாலும் 2000 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். நாடி கொஞ்சம் வேகமாக ஓடும், முதல் இரவு தூக்கம் அரைகுறையாக இருக்கும், ஊரில் சிரமமில்லாமல் ஏறிய படிகளில் மூச்சு வாங்கும். இரண்டு நாளில் உடம்பு பழகிக்கொள்ளும். பழகுவதற்கு முன்பே முதல் நாளிலேயே மலையேறப் புறப்படுவதுதான் தவறு.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் பயணத்தைச் சொல்லிவிட வேண்டும். அண்மையில் மாரடைப்போ இதய அறுவைச் சிகிச்சையோ ஆனவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், நடந்தால் நெஞ்சு இறுக்கம் வருபவர்கள், நுரையீரல் நோயால் வீட்டிலேயே மூச்சு வாங்குபவர்கள் அவர் சம்மதம் இல்லாமல் கிளம்பக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு நடக்கும் நாளில் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். வழக்கத்தைவிட அதிகம் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும், சில சமயம் நடந்து முடித்துப் பல மணி நேரம் கழித்தும் இறங்கும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது. அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தை முடிவு செய்ய முடியாது. பேச்சுதான் நம்பகமான அளவுகோல். முழு வாக்கியமாகப் பேச முடிகிறது என்றால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் நிற்க வேண்டும்.

எப்போது போவது என்பதில் குந்தா மலைகளுக்குத் தனிக்கணக்கு உண்டு. நீலகிரியின் மேற்கு விளிம்பில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கேதான் வந்து மோதுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் நடைப்பயணம் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொட்டும். எமரால்டு ஓரளவு தப்பித்தாலும் ஏறி வரும் சாலையில் மண் சரியும், மலை ரயில் நின்றுபோகும். 2009 நவம்பரில் நீலகிரி முழுதும் ஏற்பட்ட நிலச்சரிவுகளை ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் விடிகாலையில் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படியும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் மூட்டு வலிக்காரர்களுக்கும் அது கடினமான குளிர். ஏப்ரல், மே மாதங்களில் மலர்க் கண்காட்சிக் கூட்டம். எஞ்சியிருப்பது பிப்ரவரியும் மார்ச்சும். பகலில் இதமான வெயில், இரவில் தாங்கக்கூடிய குளிர், மழைக்கு வாய்ப்புக் குறைவு. அதோடு அது தேர்வுக் காலம். குடும்பங்கள் பயணம் கிளம்பாத மாதங்கள் என்பதால் அறைகளும் சாலைகளும் காலியாக இருக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கு நாட்காட்டி தரும் சலுகை இது, அதை விட்டுவிடக் கூடாது.

பயிற்சியை ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. சமதளத்தில் எவ்வளவு நடந்தாலும் மலைக்குத் தேவையான தசை வராது. சென்னைக்காரருக்குப் பரங்கிமலைப் படி, திருச்சிக்காரருக்கு மலைக்கோட்டை, கோவைக்காரருக்கு மருதமலை என்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பயிற்சிக்கூடம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. பழக்கம் இல்லாத தசை இப்படி வேலை செய்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிக்கும். மூட்டின் மேல் விழும் பாரமும் இறக்கத்தில்தான் அதிகம். மலையில் பலர் விழுவது இறங்கும்போது, அதுவும் களைத்திருக்கும் கடைசி அரை மணி நேரத்தில். வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சியும் உண்டு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவர் அருகே நின்று ஒற்றைக்காலில் பத்து விநாடி தாக்குப் பிடிப்பது. வயதானவர்கள் நடைப்பயிற்சியோடு சமநிலைப் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மலைக்குப் போகாதவர்களுக்கும் அது பொருந்தும்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ், காலையில் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் என்பது பழைய வழி, இன்றும் சிறந்த வழி. குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் ஓடத் தொடங்கிய இந்த 46 கிலோமீட்டர் பாதை 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பவர்களுக்கு ரயிலே மேல். ஆனால் இருக்கை குறுகல், ஓடும்போது கழிப்பறை கிடையாது, டிக்கெட் வெகு முன்பே தீர்ந்துவிடும். முதுகு வலி உள்ளவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மட்டும் ரயிலில் வந்து அங்கேயே ஓர் இரவு தங்கலாம். குன்னூர் ஊட்டியைவிடத் தாழ்வு என்பதால் உடம்பு பழகவும் அது உதவும். மாலையில் 1874-இல் அமைந்த சிம்ஸ் பூங்காவின் மேல்பாதையில் அரை மணி நேர உலாவல் அன்றைக்குப் போதும். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் வந்த நடைமுறை இது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கும் ரயிலில் வருபவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

குன்னூரில் ஓர் இரவு, எமரால்டில் நான்கு இரவு என்று வைத்துக்கொண்டால் நடைக்கு மூன்று முழுக் காலைகள் கிடைக்கும். முதல் காலை தேயிலைக்குள் மட்டமான பாதையில் மூன்று கிலோமீட்டர். இரண்டாவது நாள் நான்கு அல்லது ஐந்து, கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு. அவலாஞ்சி நோக்கிப் போகும் சாலையில் நீர்த்தேக்கம் திருப்பத்துக்குத் திருப்பம் தெரிந்தும் மறைந்தும் வரும். திரும்பும்போது வண்டியை வரச் சொல்லிவிட்டால் ஒரே வழியை இரண்டு முறை நடக்க வேண்டியதில்லை. மூன்றாவது நாள் அவலாஞ்சிக் காட்டுக்கு. அங்கே சொந்த வண்டி போகாது, வனத்துறை வாகனத்தில்தான் போக வேண்டும். இந்த ஏற்பாடு மூத்தவர்களுக்கு வசதியானதே. மேடெல்லாம் வண்டி ஏறிவிடும், இறங்கி நிற்கும் இடங்களில் சோலையையும் புல்வெளியையும் நிதானமாகப் பார்க்கலாம். பள்ளங்களில் அடர்ந்த குட்டை மரங்கள், மேடுகளில் வெறும் புல் என்ற இந்த அமைப்பு மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளுக்கே உரியது. புல்வெளி குடிக்கும் மழைதான் சோலையில் ஓடையாகக் கசிந்து, பவானியில் சேர்ந்து, சமவெளிக்குப் போகிறது. நீலகிரிச் சிரிப்பான் குருவியின் சத்தம் சோலையோரத்தில் எப்போதும் கேட்கும். வேகமாக நடப்பவர்களுக்கு அது சத்தமாகவே நின்றுவிடும், மெதுவாக நடந்து பத்து நிமிடம் ஓரிடத்தில் நிற்பவர்களுக்குத்தான் குருவி கண்ணில் படும்.

ஒரு நடைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்கிட நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு விதி வகுத்தார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது உரமான இளைஞர்களின் கணக்கு. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்றும், ஏற்றத்துக்கு இரட்டிப்பு நேரம் என்றும் வைத்துக்கொள்ளலாம். நான்கு கிலோமீட்டர் தூரமும் 120 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை நெய்ஸ்மித் கணக்கில் ஒரு மணி நேரம். மூத்தவர்கள் கணக்கில் நடக்க மட்டும் ஒன்றே முக்கால் மணி. உட்கார, தேநீர் குடிக்க, பறவை பார்க்க என்று சேர்த்தால் இரண்டரை மணி. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு நன்றாகவே திரும்பிவிடலாம். பிற்பகலில் பெரும்பாலும் மேகம் இறங்கிவிடும் என்பதால் காலை நடையே சரி. குழுவில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விட வேண்டும். பின்னால் விட்டால் அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்துக் கிளம்பத் தயாராக இருப்பார்கள், ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது.

காலணி புதிதாக இருக்கக் கூடாது. அடியில் பிடிப்புள்ள, குறைந்தது ஒரு மாதம் போட்டுப் பழகிய ஷூ போதும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நடைக்கோல் இரண்டு இருந்தால் இறக்கத்தில் மூட்டின் பாரம் குறையும். கோலைப் பிடிக்க வெட்கப்படும் பெரியவர்கள் பலர் உண்டு, இமயமலையில் இளைஞர்கள் பலரும் இரண்டு கோலோடுதான் நடக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்லலாம். உடை அடுக்கடுக்காக இருக்க வேண்டும்: உள்ளே லேசான சட்டை, மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றையும் சாரலையும் தடுக்கும் ஜாக்கெட். ஏறும்போது கழற்றி, நிற்கும்போது போட்டுக்கொள்வது. வியர்வையோடு குளிர்காற்றில் உட்கார்ந்தால் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். தொப்பியும் வேண்டும். குளிராக இருந்தாலும் இந்த உயரத்தில் வெயில் தோலைக் கருக்கிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் வயதானவர்கள், முக்கியமாகப் பெண்கள், செய்யும் காரியம் ஒன்று உண்டு. வழியில் கழிப்பறை இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். குளிரில் தாகமும் தெரியாது. ரத்த அழுத்தத்துக்கான நீர்மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். தேயிலைத் தோட்டத்துக்குள் கழிப்பறை கிடையாது என்பது உண்மைதான். அதற்கு வழி நடையைச் சுருக்குவது. இரண்டரை மணி நேரத்துக்குள் திரும்பும்படி திட்டமிடுவது, ஊர் வழியாகப் போகும் பாதையைத் தேர்ந்தெடுப்பது, நீர்மாத்திரையை நடந்து வந்த பிறகு சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலும் ஃபிளாஸ்க்கும் கையோடு வர வேண்டும். பையில் கடலை மிட்டாய், வாழைப்பழம், ஊட்டி வர்க்கி ஏதேனும் இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகளிடம் குளுக்கோஸ் எப்போதும் இருக்க வேண்டும்.

காட்டெருமை தேயிலைக்குள் மேயும் ஊர் இது. கரடியும் சிறுத்தையும் விடிகாலையிலும் அந்தியிலும் நடமாடும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் தோட்டப் பாதையில் நடப்பதைத் தவிர்த்தால் பெரும்பாலான ஆபத்து நீங்கிவிடும். காட்டெருமை எதிர்ப்பட்டால் கைதட்டி விரட்டாமல், படம் எடுக்க நெருங்காமல், வந்த வழியே மெல்லப் பின்வாங்க வேண்டும். டான்டீ போன்றவை தவிர மற்ற தோட்டங்கள் தனியார் சொத்து. தங்கும் விடுதி மூலமாகவே அனுமதி வாங்கிக்கொண்டு, உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது முறை. எந்த வயலில் மருந்து அடித்திருக்கிறார்கள், எந்த ஓடைப்பக்கம் நேற்று கரடி வந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நீர்த்தேக்கத்தின் கரையில் இறங்கக் கூடாது, நீர் வற்றிய இடத்தில் சேறு ஆளை இழுத்துக்கொள்ளும். படுகர் ஊர்களில் கோவில் எல்லைக்குள்ளும் மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளில் பால்கோவில் பக்கமும் கேட்காமல் போகக் கூடாது.

காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நடப்பது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபது பேருக்கும் மேல் இறந்த பிறகு விதிகள் கடுமையாகின. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் நாற்பது பாதைகள், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு, இணையவழிப் பதிவில் திறந்துவிடப்பட்டன. எமரால்டுக்குப் பக்கத்தில் அவலாஞ்சியிலிருந்து கொலாரிபெட்டாவுக்கும் தேவர்பெட்டாவுக்கும் போகும் பாதைகள் அதில் உண்டு. அவை நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கானவை, இந்தக் கட்டுரை பேசும் நடைக்கு அப்பாற்பட்டவை. சோலைக்குள் நடந்தே ஆக வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்குக் கோத்தகிரியின் லாங்வுட் சோலை எளிது. 116 ஹெக்டேர் பரப்பும் 2024-இல் கிடைத்த ராம்சர் தகுதியும் உள்ள காடு அது. தீக்காலத்தில் காட்டுப் பாதைகளை வனத்துறை மூடுவதுண்டு. பிப்ரவரி, மார்ச்சில் வருபவர்கள் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். தோட்டப் பாதைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அறை எடுக்கும்போது நீர்த்தேக்கம் தெரிகிறதா என்று கேட்பதற்கு முன், தரைத்தளமா, மேற்கத்தியக் கழிப்பறையா, சுடுநீர் எத்தனை மணி நேரம் வரும், கம்பளி எத்தனை என்று கேட்க வேண்டும். இரவில் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக் குளிர்காய்வது மிக ஆபத்து. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் நிறைந்து தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும், நீலகிரியில் அப்படி இறந்தவர்கள் உண்டு. சுடுநீர்ப் பையும் கூடுதல் கம்பளியும் போதும்.

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ் உண்டு. ஆனால் பெரிய சிகிச்சைக்கு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், மலைச்சாலையில் அதற்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே நெஞ்சு வலி, ஒரு பக்கம் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் எதையும் வாயுத்தொல்லை என்று விட்டு வைக்காமல் உடனே கிளம்ப வேண்டும். மலை மடிப்புகளில் செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் சொல்லிவிட்டே நடக்க வேண்டும். மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றைப் பெட்டியிலும் வைப்பது, மருந்துச் சீட்டின் நகலைச் சட்டைப்பையில் வைப்பது, இன்சுலினை உறைபனிக் காலத்தில் ஜன்னலோரம் வைக்காதிருப்பது ஆகியவை சின்ன வேலைகள்தாம், ஆனால் தேவைப்படும் நேரத்தில் அவைதான் உதவும்.

கடைசி நாளில் நடை வேண்டாம். கோடைக்காலத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் போக்குவரத்து அறிவிப்பதுண்டு. இறங்கும் நேரத்தை அதற்கேற்பக் கூட்டிக் கணக்கிட வேண்டும். இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் சரியாகும். சமவெளி வந்ததும் வெயில் சட்டென்று உறைக்கும். ஊர் திரும்பிய மறுநாள் ஓய்வெடுத்து, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, மாற்றிச் சாப்பிட்ட மருந்துகளைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.